மறுதேர்வுக்குப் போகும் தெக்லே

தக்கையைப் பல்லிடுக்கில் கவ்விக்கொண்டுதான் தெக்லே உருளைக்கிழங்கு தோலுரிப்பாள். ஒயின் புட்டித் தக்கை. ஓரமெல்லாம் பல் தடம். உரிக்க உரிக்க வசனம் ஓடும். மோவாயில் எச்சில் வழியும், முழங்கையால் துடைத்துக்கொள்வாள். தக்கையோடு பேசிப் பழகினால் அதை எடுத்ததும் நாக்கு கட்டவிழும் என்பது போலந்தின் கிராக்கோ நகர நாடக மாணவர்களின் நம்பிக்கை. உடன் தங்கியிருக்கும் வகுப்புத் தோழி கிங்கா, "எச்சில் விழுந்த கிழங்க நீயே தின்னு தாயே" என்று சட்டியை நகர்த்தி வைப்பாள்.

தெக்லேவுக்கு இருபத்தாறு வயது. ஜார்ஜியாவில் குத்தாயிசி சொந்த ஊர். அப்பா அச்சுக் கோப்பவராக இருந்தவர். நடிப்புப் படிக்க வந்து இரண்டாம் ஆண்டு முடியப் போகிறது. உடம்பால் செய்வதில் குறையில்லை. படிக்கட்டில் உருளச் சொன்னால் உருண்டு, ஒரு சிராய்ப்பும் இல்லாமல் எழுந்து நிற்பாள். உச்சரிப்பில்தான் கோட்டை விட்டாள். போலிஷ் மொழியில் 'ஷ' ஓசைக்கு அக்கா தங்கை போல இரண்டு உண்டு. அவள் நாக்குக்கு இரண்டும் ஒன்றுதான். குளிர்காலத் தேர்வில் தோற்றாயிற்று. ஜூன் மறுதேர்விலும் தோற்றால் நாடகப் பள்ளியில் பெயரை அடித்துவிடுவார்கள். பெயர் போனால் விசாவும் போகும்.

சனி, ஞாயிறு காலைகளில் முதியோர் இல்லத்தில் வேலை. படுத்திருப்பவரைப் புரட்டும்போது முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்குவாள். பத்து முறை சொல்லியும் பலருக்கு வராத காரியம். நகம் ஒட்ட வெட்டியிருக்கும். புண் துடைக்கும்போது முகம் சுளிக்காது. ஒரு கெட்ட பழக்கம் மட்டும் உண்டு: நடைவழியில் போகிறவர்களின் பின்னாலேயே, அவர்கள் நடையை அப்படியே நடந்து பார்ப்பாள். இடுப்பெலும்பு மாற்றிக்கொண்ட ஸ்தெஃபானியா ஒருநாள் சட்டென்று திரும்பிவிட்டார்.

"என்னடி, நக்கலா?"

"இல்லம்மா, படிக்கிறேன்."

"நல்லாப் படிச்ச! எனக்கு வலி எடது பக்கம். நீ வலது கால இழுக்கிற. அது கெடக்கட்டும், பேசும்போது வாயில என்ன கொழுக்கட்டையா?"

அன்று மாலை தெக்லே கிழங்கு இல்லாமலே தக்கையைக் கவ்விக்கொண்டு உட்கார்ந்தாள்.

மறுதேர்வுக்கு எதிர்வசனம் சொல்ல ஓர் ஆள் வேண்டும். கிங்கா ஒப்புக்கொண்டாள். காலை பத்து மணிக்கு இருவரும் தேர்வறைக் கதவின் முன்னால் நின்றார்கள். தெக்லேவின் உள்ளங்கை வேர்த்திருந்தது. வசனத் தாள்கள் நழுவித் தரையில் விழுந்தன. குனிந்தாள்.

"தொடாத! மொதல்ல மிதி!" என்றாள் கிங்கா.

விழுந்த வசனத்தை மிதிக்காமல் எடுத்தால் நாடகமும் விழும். இங்கே நடிகர்கள் யாரும் இதில் விளையாடுவதில்லை. கிங்கா கோயில் பக்கமே போகாதவள், இதை நம்புகிறவள். தெக்லே வளர்ந்த வீட்டிலோ, அச்சடித்த தாளில் தெரியாமல் கால் பட்டால்கூட எடுத்து முத்தமிடுவார்கள். அதனாலேயே இரண்டு வருடமும் தாள்களைக் கீழே விழவிடாமல் மார்போடு அணைத்துக்கொண்டே திரிந்தாள்.

"காகிதத்தையா? எங்கப்பா பாத்தா கால ஒடிச்சிடுவாரு."

"உங்கப்பா குத்தாயிசில இருக்காரு. பரீட்சை இங்க இருக்கு."

"சும்மா எடுத்துக்கறேன்டி. யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும். போன வருஷம் நம்ம வகுப்புத் தோமெக் அப்படித்தான் சும்மா எடுத்தான். மேடையிலயே முன்பல்லு போச்சு. நீ மிதிக்கலன்னா நான் உள்ள வரமாட்டேன். சத்தியமா வரமாட்டேன்."

கதவு திறந்தது. ஒரு பெண் தெக்லேவின் பெயரைப் பிழையாக வாசித்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தாள். கிங்கா கையைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்தாள்.

தெக்லே ஒற்றைக் காலில் நின்று வலது காலணியின் முடிச்சை அவிழ்த்தாள். காலுறையையும் உருவினாள். வெறும் பாதத்தைக் கால்சட்டையின் இடது பக்கத்தில் இரண்டு தரம் அழுத்தித் துடைத்தாள். பிறகு, தூங்குகிறவர் விழித்துவிடாமல் தலையணையைச் சரிசெய்வது போல, பாதத்தை வசனத்தின் மேல் வைத்து எடுத்தாள். தாள்களைப் பொறுக்கி அடுக்கிக்கொண்டு, ஒரு காலில் காலணியும் மறு கால் வெறுமையுமாக உள்ளே போனாள்.