அமரர் பழனியாண்டி விருது வாங்கிய கதை

பழனியாண்டி அண்ணனுக்கு அறுபத்து மூன்று வயது. ஹந்தானைக்கு ஏறும் பாதையில் இருக்கும் ஒரு விருந்தினர் விடுதியில் காவல்காரர். நான் அந்த விடுதி வாசலில்தான் த்ரீவீல் நிறுத்துவேன். ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருப்பதில் அவரை வெல்ல ஆள் கிடையாது. ஒருநாள் வெள்ளைக்காரப் பயணி ஒருவர் அவரைச் சிலை என்று நினைத்து, மடியில் பையை வைத்துவிட்டுச் சப்பாத்துக் கயிற்றைக் கட்டினார். இவரும் பேசாமல் வைத்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு ஒரே ஒரு பெருமை இருந்தது. தேயிலைத் தோட்டத்து லயத்தில், அவர் குடியிருந்த வரிசை வீடுகளில், யார் இறந்தாலும் பாடைக்குத் தோள் கொடுக்கிறவர் அவர். "இதுவரைக்கும் நாப்பத்திரெண்டு பேருங்க நானா. ஒருத்தரையும் நான் சாய விட்டதில்ல" என்று என்னிடம் சொல்வார். முஸ்லிம் ஆள் என்பதால் என்னை அண்ணன் என்பதற்குப் பதிலாக நானா என்றுதான் அழைப்பார். தன்னையும் ஒருநாள் அப்படியே தப்பு மேளத்தோடு, சாயாமல் கொண்டுபோவார்கள் என்பதுதான் அவருடைய நம்பிக்கை. வேறு சொத்து எதையும் அவர் எதிர்பார்த்து நான் கண்டதில்லை.

அந்த நம்பிக்கையில்தான் சினிமா வந்து விழுந்தது.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற கிருஷாந்தி என்ற பிள்ளை பன்னிரண்டு நிமிடக் குறும்படம் ஒன்று எடுத்தது. கதையில் லயத்துப் பெரியவர் ஒருவர் இறந்துபோக வேண்டும். அசையாத ஆள் வேண்டும் என்று தேடி, விடுதி வாசலுக்கு வந்து, அண்ணனைக் கண்டு, கையைக் கூப்பிக் கேட்டது. அவரும் சம்மதித்தார். சாவு வீட்டை நிஜம்போல் காட்ட லயத்து மரண உதவிச் சங்கத்தின் தப்பு மேளமும் பாடையும் வேண்டும் என்றது. அங்கேதான் பிசகிவிட்டது.

சங்கத்தின் செயலாளர் லெட்சுமணன் அண்ணன். நல்ல மனிதர், ஆனால் சட்டம் என்றால் சட்டம்.

"ஆளு பேர புத்தகத்துல எழுதி சிவப்புக் கோடு போடாம மேளம் வெளிய போகாது. எங்கப்பா காலத்து வழக்கம்" என்றார்.

"அப்ப எழுதுங்க மாமா, படத்துக்குத்தானே" என்றது அந்தப் பிள்ளை.

எழுதினார். பழனியாண்டி என்ற பெயருக்கு மேல் சிவப்புக் கோடு விழுந்தது.

படப்பிடிப்பு அன்று நானும் இருந்தேன். தாடையைத் துணியால் கட்டி, நெற்றியில் காசு வைத்து, கோடித் துணி போர்த்திப் படுக்க வைத்தார்கள். காலில் அட்டை ஏறி நன்றாகக் குடித்துக் கொழுத்து, தானாகக் கழன்று விழுந்தது. அண்ணன் அசையவில்லை. அவருடைய மனைவி மூக்காயி அக்காவை ஒப்பாரி வைக்கச் சொன்னார்கள். அக்கா முதலில் வெட்கப்பட்டார். பிறகு ஆரம்பித்தவரை நிறுத்த முடியவில்லை. "என் ராசா, என் தங்கமே" என்று கதறினார். நாற்பது வருடக் குடித்தனத்தில் அந்த வார்த்தைகளை அன்றுதான் கேட்டாராம் அண்ணன். "கண்ணத் தொறந்து இன்னொருவாட்டி சொல்லுடின்னு கேக்கணும்போல இருந்துச்சு நானா. அடக்கிக்கிட்டேன்" என்றார்.

பாடையைக் குழிவரை கொண்டுபோனார்கள். கொள்ளிக்குடமும் உடைந்தது. அதற்குப் பிறகுதான் பிள்ளை "கட்" என்றது.

அடுத்த மாதம் லயத்தில் உண்மையாகவே ஒருவர் இறந்தார். அண்ணன் வழக்கம்போல் துண்டைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு போய் நின்றார். லெட்சுமணன் அண்ணன் புத்தகத்தைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"நீங்க தூக்க ஏலாதுண்ணே. உங்களத்தான் போன மாசம் தூக்கியாச்சே."

"அது படம்ப்பா!"

"மேளம் நெசந்தானே? பாடை நெசந்தானே? ஒரு ஆளுக்கு ஒரு தடவதான் சங்கம் வரும். உங்களுக்கு வந்துட்டுப் போயிருச்சு."

அண்ணன் சுருட்டிய துண்டோடு என் த்ரீவீலில் வந்து உட்கார்ந்தார். நாளைக்கு உண்மையிலேயே கண் மூடினால் மேளமும் இல்லை, தோளும் இல்லை. மவுத்து, சாவு, அல்லாஹ்வின் கையில் இருக்கிறது, லெட்சுமணன் அண்ணனின் புத்தகத்தில் இல்லை என்று சொல்ல எனக்கு வாய்வரை வந்தது. ஆனாலும் அவர்கள் வழக்கம் அவர்களுக்கு. அஸர் தொழுகையில் அவருக்காகவும் கையேந்தினேன். என்ன கேட்பது என்றுதான் தெரியவில்லை. ஒரு மனிதருக்கு நல்லபடியாக இன்னொரு மய்யித்து ஊர்வலம் கொடு என்று எப்படிக் கேட்பது?

அப்போதுதான் அந்தக் கடிதம் வந்தது. கண்டியில் வருடாவருடம் நடக்கும் குறும்பட விருது விழாவில், சிறந்த துணை நடிகர் விருதுக்கு இறுதியாகத் தெரிவான ஐந்து பேரில் அண்ணனும் ஒருவர். கடிதத்தை எடுத்துக்கொண்டு சங்கத்துக்கு ஓடினோம்.

லெட்சுமணன் அண்ணன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு வாசித்தார். "எழுத்துல எழுதினத எழுத்துலதான் அழிக்கலாம். இது தெரிவுக் கடிதம். நடிச்சாரா இல்லையான்னு இன்னும் முடிவாகல. விருது குடுத்தா நடிப்புன்னு ஏத்துக்கிறேன், கோட்ட அழிக்கிறேன்."

"குடுக்காட்டி?" என்று நான் கேட்டேன்.

"குடுக்காட்டி அவரு நடிக்கலன்னுதானே அர்த்தம்? நடிக்காம பொணமா கெடந்தா அதுக்கு என்னா பேரு, நீங்களே சொல்லுங்க."



விழா ஒரு சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு என்று போட்டிருந்தார்கள். தொடங்கும்போது நாலேகால். நான் பக்கத்துப் பள்ளியில் தொழுதுவிட்டு ஆறுதலாக வந்தும் முதல் வரவேற்புரை முடியவில்லை. ஒரே வரிசையில் அண்ணன், அக்கா, தீர்ப்புச் சொல்லப் புத்தகத்தோடு வந்திருந்த லெட்சுமணன் அண்ணன், நான். அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டுக் கதிரையின் நுனியில் இருந்தார். போட்டியிட்ட மற்றவர்களில் நாவலப்பிட்டி ராஜலிங்கம் என்பவர் குடிகாரராக நடித்தவர்; வாழ்க்கையில் சொட்டும் தொட்டதில்லையாம். ஐந்தாவது பெயர் ஓர் ஆட்டுடையது. ஆடு வரவில்லையா என்று அதன் சொந்தக்காரரிடம் விசாரித்தேன். ஹஜ்ஜுப் பெருநாளோடு அதன் கதை முடிந்துவிட்டது என்றார்.

விருதுகளுக்கு முன்பு, அந்த வருடம் மறைந்த கலைஞர்களுக்கு மௌன அஞ்சலி என்று அறிவித்தார்கள். எல்லோரும் எழும்பினோம். அண்ணனும் மரியாதையாகக் கையைக் கட்டித் தலை குனிந்து நின்றார். திரையில் ஒவ்வொரு முகமாக வந்தது. நாலாவதாகத் தாடையில் துணி, நெற்றியில் காசு.

அக்காதான் முதலில் பேசினார். "அட, நம்ம இவரு! நல்லாத்தான் விழுந்திருக்கு."

கிருஷாந்தி அனுப்பி வைத்த ஒரே படம் அது. அந்தக் கோலத்தில் ஒரு படம் வந்தால் விழாக்காரப் பிள்ளைகள் வேறென்ன நினைப்பார்கள்?

"ரெண்டாந்தடவ" என்றார் லெட்சுமணன் அண்ணன் மெதுவாக.

"பேசாம இருப்பா. மௌன அஞ்சலி" என்றார் அண்ணன். ஒரு நிமிடம் முடியும்வரை அவர் தனக்காக அசையாமல் நின்றார்.

பிறகு துணை நடிகர் விருது வந்தது. அண்ணனின் கை என் முழங்கையைப் பிடித்தது.  அறிவிப்பாளர் உறையைப் பிரித்தார்.

"சிறந்த துணை நடிகர்... அமரர் பழனியாண்டி! அமரரின் சார்பில் குடும்பத்தவர் ஒருவர் மேடைக்கு வரவும்."

"நீ போறியா, நான் போகவா?" என்று அண்ணன் அக்காவிடம் கேட்டார்.

"குடும்பத்தவர்னுதானே சொன்னாரு. நீங்களும் குடும்பந்தானே, போங்க."

அண்ணன் ஏறினார். அறிவிப்பாளர் அவர் தோளை ஆதரவாக அணைத்து, "ஐயா, அமரருக்கு நீங்கள் என்ன உறவு?" என்று கேட்டார்.

"ரொம்ப நெருக்கம்ங்க."

"அவரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லுங்கள்."

அண்ணன் ஒலிவாங்கியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "நல்ல மனுசன்ங்க. நாப்பத்திரெண்டு பேருக்குத் தோள் குடுத்தவரு. ஒரு விசயம் மட்டும் எல்லாரும் கேட்டுக்கங்க. அவரு சாகல. சத்தியமா சாகல."

மண்டபம் முழுக்கக் கைதட்டியது. முன்வரிசையில் ஓர் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "ஆம், கலைஞனுக்கு ஏது மரணம்!" என்று அறிவிப்பாளர் குரல் தழுதழுக்கச் சொன்னார். அண்ணன் இன்னும் ஏதோ சொல்லப் பார்த்தார். அதற்குள் சிறந்த ஒலிப்பதிவுக்குப் போய்விட்டார்கள்.

கிருஷாந்தி அழாத குறையாக ஓடி வந்து மன்னிப்புக் கேட்டது. ஏற்பாட்டாளர்களிடம் கூட்டிக்கொண்டும் போனது. திருத்திய சான்றிதழை அடுத்த வருட விழாவில்தான் தரலாம் என்றார்கள்; ஒப்பமிடும் பிரமுகர் கொழும்புக்குப் புறப்பட்டுவிட்டாராம்.

லெட்சுமணன் அண்ணன் சான்றிதழை இரண்டு தரம் வாசித்தார். "சிறந்த துணை நடிகர்னு இருக்கு. அதனால நடிப்பு. அமரர்னும் இருக்கு. அதனால சாவு. ரெண்டுக்கும் முத்திரை குத்தியிருக்கு. நான் எத நம்புறது?"

"ஆளு முன்னுக்கு நிக்கிறாரே, அது காணாதா?" என்றேன்.

"ஆளு வேற, எழுத்து வேற நானா."

கோடு அழியவில்லை. வீட்டில் அக்கா சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டினார். அமரர் என்று எழுதியிருப்பதைப் பூ இல்லாமல் விட மனம் வராமல் வெள்ளிக்கிழமைகளில் ஒரு பூவும் வைத்தார். அண்ணன் அதற்குக் கீழே உட்கார்ந்துதான் தேநீர் குடிப்பார். விடுதி வாசலில் முன்னைவிட அசையாமல் இருந்தார். எனக்கு அதைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

ஐப்பசி மழையில் லெட்சுமணன் அண்ணனின் தாயார் காலமானார். பட்டணத்திலிருந்து உறவுக்காரர்களை ஏற்றிக்கொண்டு நானும் போனேன். லயத்து இளசுகள் பாதிப் பேர் கொழும்பில், மீதிப் பேர் வெளிநாட்டில். பாடை தயாராகிவிட்டது, மேளமும் தொடங்கிவிட்டது. எண்ணிப் பார்த்தால் மூன்று தோள்தான். சரிவுப் பாதையெல்லாம் சேறு. லெட்சுமணன் அண்ணன் மகன்; கொள்ளிக்குடத்தோடு முன்னால் போக வேண்டியவர், அவரால் தூக்க முடியாது. எனக்கு இடுப்பில் நாரிப்பிடிப்பு. இருந்தாலும் முன்னால் போனேன். லெட்சுமணன் அண்ணன் என்னைத் தடுத்துவிட்டு, தேயிலைச் செடி ஓரமாக மழையில் நின்றவரைப் பார்த்தார்.

"பழனியாண்டிண்ணே, தோள் குடுங்க."

அண்ணன் அசையவில்லை. "என் பேருல கோடு கெடக்கேப்பா."

"செத்தவரு பாடை தூக்கினதா எந்தப் புத்தகத்துலயும் இல்லண்ணே." லெட்சுமணன் அண்ணன் கொள்ளிக்குடத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். "அம்மாவ சாய விட்டுறாதீங்க. வாங்க."

அண்ணன் துண்டைச் சுருட்டித் தோளில் வைத்தார். சரிவில் மற்ற மூவரும் வழுக்கி வழுக்கித்தான் இறங்கினார்கள். அவர் இருந்த மூலை மட்டும் கொஞ்சமும் இறங்கவில்லை.

எல்லாம் முடிந்து வந்ததும், ஈரக் கையோடேயே லெட்சுமணன் அண்ணன் புத்தகத்தைத் திறந்தார். சிவப்புக் கோட்டை அழிக்கவில்லை. வேறொரு பக்கத்தில், தோள் கொடுத்தவர்கள் என்ற தலைப்புக்குக் கீழே, நீலப் பேனாவால் பழனியாண்டி என்று எழுதினார். பிறகு முன்பக்கத்துக்குத் திரும்பி, கோடு விழுந்த பெயருக்குப் பக்கத்தில் 'படம்' என்று சின்னதாகப் போட்டார்.

பழனியாண்டி அண்ணன் சேற்றுக் காலோடு என் த்ரீவீலில் ஏறினார். காலைக் கழுவிவிட்டு ஏறுங்கள் என்று நான் சொல்லவில்லை.

"நாப்பத்தி மூணு நானா" என்றார்.