கம்பனி குடியேற்றிய ஊர்

சிட்னியில், செவன் ஹில்ஸ் பக்கம், அரிசியும் மிளகாய்த்தூளும் இறக்குமதி செய்யும் கம்பனியொன்றில் நானும் கணவரும் வேலை செய்தோம். ஒருநாள் முதலாளி எங்களைக் கூப்பிட்டு, பதின்மூன்று மணிநேரம் கார் ஓடினால் வரும் ஒரு சுரங்க ஊரில் கிளை திறக்கப் போவதாகச் சொன்னார். அங்கே ஒரு தமிழ்க் குடும்பம்கூட இல்லையே என்று என் கணவர் கேட்டார்.

"நீங்கள் போய்க் கடையைத் திறவுங்கோ. சனம் பின்னால வரும்," என்றார் அவர்.

அவர் சொன்னபடியே நடந்தது. அந்த மாதிரித் தூர ஊரில் சில வருடம் வேலை செய்தால் நிரந்தர விசா கிடைக்க வழி இருந்தது. விசாவுக்காகத் தவித்தவர்களுக்கு முதலாளி என் தொலைபேசி எண்ணைக் கொடுத்தார். வெயில் எப்படி, பள்ளிக்கூடம் இருக்கிறதா என்று அவர்கள் கேட்பார்கள். நான் நல்லதை மட்டுமே சொன்னேன். நான்கு குடும்பங்கள் வந்தன. கம்பனியின் பெயரில் வாடகைக்கு வீடு எடுத்துக் கொடுத்தோம். வீடு கிடைக்கும்வரை கடைக்குப் பின்னாலிருந்த எங்கள் அறைகளில் பாய் விரித்துப் படுத்தார்கள்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வியாழக்கிழமையில், கம்பனி லொறி வரும். எல்லோரும் சேர்ந்துதான் சாமான் இறக்குவோம். சிவப்புத் தூசி படிந்த பெட்டிக்குள் முருங்கைக்காயைக் கண்டால் பெண்களுக்குச் சிரிப்புத் தாங்காது. அன்றைக்கு எல்லோருக்கும் என் குசினியில்தான் சாப்பாடு.

மூன்றாம் வருடம் நான் பிள்ளைத்தாய்ச்சியானேன். ஏழாம் மாதத்தில் ஒரு காலை, வயிற்றில் அசைவே இல்லை. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் செய்த பெண் திரையை மறுபக்கம் திருப்பினாள். மறுநாள் மகள் பிறந்தாள். தலை நிறைய முடி. கணவர் அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார்.

சிட்னிக்குக் கொண்டுபோவோமா என்று அவர் கேட்டார். நான்தான் வேண்டாம் என்றேன்.

"இதுதானே இனி எங்கட ஊர்," என்றேன். அதை அப்போது முழுமனதோடு நம்பினேன்.

அங்கேயே புதைத்தோம். நான்கு குடும்பமும் வேலைக்குப் போகாமல் வந்து நின்றது. முதலாளி லொறியில் மல்லிகைப்பூ அனுப்பியிருந்தார். வந்துசேர ஒருநாள் பிந்திவிட்டது. அதை மண்ணின்மேல் பரப்பினேன். மத்தியானத்துக்குள் வெயிலில் கருகிப்போயிற்று.

அதற்குப் பிறகு ஒவ்வொரு குடும்பத்துக்கும் விசா வந்தது. விசா வந்தவர்கள் போனார்கள். ஒரு குடும்பம் மெல்பேர்ணில் கிளேட்டனுக்கு, மற்றவர்கள் சிட்னியில் டூங்கபிப் பக்கம். அவர்களைக் குறைசொல்ல முடியாது, அதற்காகத்தானே வந்தார்கள். லொறி மாதத்துக்கு ஒருமுறை என்றானது. கடைசியில் முதலாளி போன் எடுத்து, கடையை மூடுவோம், உங்கள் இருவருக்கும் செவன் ஹில்ஸில் வேலை இருக்கிறது என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். இன்னும் ஒரு வருடம் இருக்கிறோமே என்று கேட்டேன்.

"தங்கச்சி, அங்க இனி ஆர் இருக்கினம்?" என்றார்.



புறப்பட்ட அன்று மயானத்துக்குப் போனோம். கணவர் அந்தச் சின்னக் கல்லில் தண்ணீர் ஊற்றிக் கையால் தேய்த்துக் கழுவினார். காரில் ஏறிய பிறகு மறுபடி இறங்கிப் போனார். ஒன்றும் செய்யவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார்.

போன வருடம் டூங்கபியில் ஒரு மண்டபத்தில் கம்பனியின் ஆண்டுவிழா நடந்தது. முதலாளி எங்கள் பழைய கடையின் படத்தைத் திரையில் காட்டினார். ஒருவருமில்லாத இடத்தில் ஐந்து குடும்பங்களைக் குடியேற்றினோம், இன்று அத்தனை பேரும் நகரத்துக்கு வந்து நன்றாக இருக்கிறார்கள் என்றார். எங்களை எழுந்து நிற்கச் சொன்னார். நின்றோம். சனம் கைதட்டியது.

வெளியே வந்து காரில் ஏறினோம். கணவர் சாவியைப் போட்டுவிட்டுக் காரை எடுக்காமல் இருந்தார்.

"அத்தனை பேரும் எண்டு சொன்னார்," என்றேன்.

"ஓம். கேட்டனான்."

அவருடைய கையைப் பிடித்தேன். மற்றக் கார்களெல்லாம் போய்முடியும்வரை அப்படியே இருந்தோம். ஈஸ்டர் லீவில் ஒருக்கால் போய் அவளைப் பார்ப்போம் என்றார். ஈஸ்டர் வந்தபோது அவருக்கு முதுகுவலி. அவ்வளவு தூரம் ஓட முடியவில்லை. நான் தனியாகப் போய்வருகிறேன் என்றேன். தானும் வரவேண்டும், பொறு என்றார். பொறுத்துக்கொண்டிருக்கிறேன்.