நாலாம் மாடி ராவியாவின் அரைமணிச் சாப்பாடு

ராவியா அக்காவின் சமையலறை ஜன்னலும் என் சமையலறை ஜன்னலும் எதிரெதிரே இருந்தன. நடுவில், மொட்டை மாடியிலிருந்து தரைவரை இறங்கும் வெளிச்சக் கிணறு. எங்கள் ஷுப்ராப் பேட்டையின் பழைய கட்டடங்களில் எல்லாச் சமையலறைகளும் அந்தக் கிணற்றைப் பார்த்துத்தான் திறக்கும். யார் வீட்டில் பூண்டு வதங்குகிறது, யார் வீட்டில் பால் பொங்கி வழிந்தது என்று யாரும் யாரிடமும் மறைக்க முடியாது.

சாயங்காலம் ஐந்து மணியானால் அந்தக் கிணற்றில் அவளுடைய குரல் இறங்கும்.

"என்னடியம்மா, யார் வீட்ல என்ன இருக்கு?"

இரண்டாம் மாடி ஸுஹைர் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் இடத்தில் வேலை பார்ப்பவள். அப்போதுதான் செருப்பைக் கழற்றியிருப்பாள். "ரெண்டு தக்காளி, மூணு முட்டை, நேத்து வாங்கின ரொட்டி. வேற ஒண்ணுமில்லக்கா. நானும் இல்ல, செத்துட்டேன்."

"செத்தவ அடுப்ப மட்டும் பத்தவெச்சுட்டு சாவு. வெங்காயம் கிடக்குல்ல? பொடிசா அரிஞ்சு வதக்கு. தக்காளிய அதுலயே பிழிஞ்சு விடு. சுண்டினதும் முட்டைய மேல உடைச்சு ஊத்து, கிண்டாத. ரொட்டிய நெருப்புல காட்டு. பத்து நிமிஷம். அப்புறமா சாவு."

மூன்றாம் மாடி தெரேஸ் தையல்காரி, கிறிஸ்தவள். "எனக்கு நோன்புக்கா, முட்டை ஆகாது" என்பாள்.

"தெரியும் என் கண்ணே. இன்னும் பதினெட்டு நாள் இருக்கு உனக்கு. பருப்பு போடு. உருளைக்கிழங்கு ஒண்ணு, கேரட் ஒண்ணு, வெங்காயம், பூண்டு, எல்லாத்தையும் ஒரே சட்டியில தள்ளு. வெந்ததும் மசிச்சு சீரகம் போடு. எலுமிச்சம்பழம் இல்லேன்னா கூடைய இறக்குறேன், எடுத்துக்க."

தெரேஸின் நோன்பு நாட்கள் தெரேஸைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

நான் அந்தக் கிணற்றில் வாய் திறந்ததே இல்லை. பனீ ஸுவைஃப் என்ற ஊரிலிருந்து பதினாறு வயதில் கல்யாணமாகி வந்தவள் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. நாலு பேர் கேட்கப் பேசினால் என் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஜன்னலைப் பாதி திறந்துவைத்து, பின்னால் நின்று கேட்டுக்கொண்டே என் சட்டியில் போடுவேன். ராவியா அக்காவுக்கு அது தெரியும். சில நாள் எல்லோருக்கும் சொல்லி முடித்தபிறகு, "கேக்காதவங்களும் கொஞ்சம் சீரகம் போட்டுக்கங்க" என்பாள். நான் போட்டுக்கொள்வேன்.

இந்தச் சமையலை எல்லாம் அவள் வேலை பார்த்த இடத்தில்தான் கற்றாள். ஏழைகளுக்கான ஒரு சிறிய மருத்துவமனையில், டாக்டர் அறை வாசலில் நின்று பெயர் கூப்பிடுவது அவள் வேலை. ஒலிபெருக்கி கிடையாது. பிள்ளைகள் அழ, கிழவர்கள் இரும, அத்தனைக்கும் மேலே அவள் குரல் கடைசி பெஞ்சுவரை போகும். வேலையில் சேர்ந்த புதிதில் அவள் தன் அம்மாவைப் போல மூன்று மணி நேரச் சமையல் செய்தாளாம். வேலைவிட்டு வந்து தொடங்கினால் சாப்பிட எட்டு மணி ஆகும். அதற்குள் பிள்ளைகள் தரையிலேயே தூங்கிவிடும். ஒரு நாள் பெஞ்சில் காத்திருந்த ஒருத்தியிடம், "நீ இன்னிக்கு வீட்டுக்குப் போய் என்ன செய்வ?" என்று கேட்டாள். அன்றிலிருந்து யார் வந்தாலும் அந்தக் கேள்விதான். பத்தொன்பது வருஷம், எத்தனை பெண்கள்! கத்தரிக்காயை முதல் நாளே உப்பில் போட்டு வைப்பவள், ஒரு கோழியின் கழுத்தையும் இறக்கையையும் வைத்து மூன்று நாளைக்குச் சாறு எடுப்பவள், வெள்ளிக்கிழமையே ஒரு வாரத்து வெங்காயத்தை வதக்கி வைப்பவள். அவர்கள் சொன்னது எல்லாம் மாலையில் எங்கள் கிணற்றில் இறங்கியது.

நான் வந்த ஆறாம் வருஷம் மார்ச்சில் அவளுக்குக் கழுத்தில் கட்டி என்று அறுவை செய்தார்கள். கெட்ட கட்டி இல்லை. ஆனால் வீட்டுக்கு வந்தபோது குரல் இல்லை. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. நரம்பு அசந்திருக்கிறது, மூன்று மாதம் பொறுங்கள், வந்தால் அதற்குள் வரும், வராவிட்டால் வராது என்று டாக்டர் சொன்னார். மருத்துவமனையில் தற்காலிகமாக ஒரு பெண்ணை நிறுத்தினார்கள். ராவியா அக்காவின் இடத்தையும் மூன்று மாதம்தான் வைத்திருக்க முடியும் என்று மேலாளர் வீட்டுக்கே வந்து, தலையைக் குனிந்துகொண்டு சொல்லிவிட்டுப் போனார்.

முதல் வாரம் எங்கள் கிணறு செத்துக் கிடந்தது. ஸுஹைர் தன் பிள்ளைகளுக்குக் கடையில் ஃபூல், அதுதான் அவித்த மொச்சை, வாங்கிக் கொடுத்தாள். தெரேஸ் வீட்டில் மூன்று நாள் தொடர்ந்து ரொட்டியும் ஊறுகாயும். ராவியா அக்கா தன் வீட்டுக்குச் சமைத்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் அதிலும் ஒரு சிக்கல் வந்தது. முலூக்கியாக் கீரைச் சாற்றில் பூண்டுத் தாளிப்பைக் கொட்டும்போது சமைப்பவள் மூச்சை உள்ளே இழுத்து 'ஹா' என்று ஒரு சத்தம் போட வேண்டும். போடாவிட்டால் கீரை அடியில் தங்கிவிடும் என்பது எங்கள் ஊரில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அவளால் போட முடியவில்லை. கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். டிராம் பணிமனையிலிருந்து வந்த அவள் கணவர் ஸாபிர், எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு சமையலறை வாசலில் நின்று, அவளுக்குப் பதிலாக ஒரு 'ஹா' போட்டார். ஒட்டகத்துக்கு விக்கல் எடுத்தது போல இருந்தது.

கீழேயிருந்து ஸுஹைர், "மாமா, கீரை மிதக்குதா, இல்ல பயந்து ஓடிருச்சா?" என்று கேட்டாள். ராவியா அக்கா தோள் குலுங்கச் சிரித்தாள். சத்தமே இல்லாமல் ஒருத்தி அப்படிச் சிரிப்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மறுநாள் ஐந்து மணிக்கு அவள் ஜன்னல் கம்பியில் கரண்டியால் தட்டினாள். டங், டங், டங். கீழே ஜன்னல்கள் திறந்தன. அவள் என் பாதி ஜன்னலைப் பார்த்து விரலை நீட்டினாள். நான் பின்னால் நகர்ந்தேன். அவள் விரலை மடக்கவில்லை.

என் ஜன்னலிலிருந்து மட்டும்தான் அவள் கைகள் தெரியும். கீழே இருப்பவர்களுக்கு அவள் முகவாய் மட்டும்தான்.

"என்னக்கா அது தட்டுற சத்தம்?" என்றாள் தெரேஸ்.

நான் வாய் திறந்தேன். "அக்கா... என்ன இருக்குன்னு கேக்குறாங்க."

"யாரு அது? பூனையா?" என்றாள் ஸுஹைர்.

"நஜ்லா. எதிர் வீடு."

"ஐயோ, அந்த வீட்ல ஆள் இருக்கா! ஆறு வருஷமா சும்மா பூட்டிக் கிடக்குன்னு நெனச்சேன். கொஞ்சம் சத்தமா பேசும்மா, என் சட்டி தீயுது!"

அப்படித்தான் ஆரம்பித்தது. அவள் கையால் சொல்லுவாள், நான் வாயால் சொல்லுவேன். விரல் நுனிகளை ஒன்றாகக் குவித்து ஆட்டினால் பொறு. உள்ளங்கையைத் தேய்த்தால் சீரகம். கன்னத்தைக் கிள்ளினால் புளிப்பு, எலுமிச்சையோ வினிகரோ. முதல் வாரம் ஒவ்வொரு சொல்லுக்கும் என் கழுத்தெல்லாம் வியர்த்தது. ஒரு மாதத்தில் என்னை அறியாமல் குரல் ஏறியது. "தெரேஸக்கா, கத்தரிக்காய கழுவாத, துடை!" என்று நான் கத்தியதைக் கேட்டு என் கணவர் கூடத்திலிருந்து எட்டிப் பார்த்தார்.

ஆனால் ஏப்ரல் போய் மே மாதமும் போயிற்று. ராவியா அக்காவின் குரல் வரவில்லை. ஒரு மதியம் அவள் சுவரைப் பார்த்து நிற்பதைக் கண்டேன். வாயைத் திறந்து ஏதோ கூப்பிட்டுப் பார்த்தாள். உதட்டசைவை வைத்துக் கண்டுகொண்டேன், பெரிய மகனின் பெயர். பிறகு இரண்டாமவன், பிறகு மகள். மூன்றுக்கும் காற்றுதான். அதன்பின் மருத்துவமனையில் கூப்பிடுவது போல நெஞ்சை நிமிர்த்தி ஒரு பெயரை முயன்றாள். கடைசியில் நின்றுவிட்டு, அரிசியை எடுத்துக் கழுவத் தொடங்கினாள். நான் ஜன்னலோரத்திலிருந்து ஓசைப்படாமல் விலகினேன்.

ஜூன் மாதம் இரண்டாம் வாரம், திங்கட்கிழமை. வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்க வேண்டும். அன்றோடு மூன்று மாதம் முடிகிறது. ராவியா அக்கா காலையிலிருந்து யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஐந்து மணிக்குக் கரண்டி தட்டவும் இல்லை. ஸுஹைர்தான் கீழேயிருந்து கூப்பிட்டாள்.

"அக்கா! நஜ்லா! யாராவது வாங்க! தன்தாவுலேருந்து எங்கண்ணன் வந்து நிக்குறான், பொண்டாட்டி, மூணு புள்ளைங்களோட. ஒரு வார்த்தை சொல்லாம! என்கிட்ட முலூக்கியா ரெண்டு கட்டு இருக்கு, கோழிக்கழுத்துச் சாறு இருக்கு. அண்ணி ஊர்ல பெரிய சமையல்காரி."

ராவியா அக்கா ஜன்னலுக்கு வந்தாள். முகம் வாடித்தான் இருந்தது. ஆனால் கைகள் பேச ஆரம்பித்தன. நான் சொல்லிக்கொண்டே போனேன். கீரையைப் பொடியாக அரி, இன்னும் பொடியாக. சாறு கொதிக்கட்டும். அடுப்பைக் குறை. கீரையைத் தூவு. அப்படியே, மெதுவாக.

பூண்டும் கொத்தமல்லி விதையும் நெய்யில் வதங்கும் வாசனை மேலே வந்தது. ஸுஹைர் தாளிப்பைக் கொட்டி 'ஹா' என்று இழுத்தாள். நல்ல சத்தம்.

"இப்ப என்ன?" என்றாள்.

ராவியா அக்கா இடது கையை முஷ்டியாக்கி, அதன்மேல் வலது உள்ளங்கையை வைத்தாள். மூன்று மாதத்தில் எனக்கு அவசரம் வந்திருந்தது. எல்லாம் தெரிந்தவள் போல ஆகியிருந்தேன். அவள் கை முழுதாகச் சொல்லி முடிக்கும் முன்பே கத்தினேன்.

"தட்டு போட்டு மூடு, ஸுஹைர்!"

முலூக்கியாவை மூடுவதா? எங்கள் ஊரில் கல்யாணமாகாத பெண்கூட அதைச் செய்யமாட்டாள். மூடினால் கீரை கறுத்துப்போகும், அடியில் இறங்கிவிடும். எனக்கும் தெரியும். ஆனால் என் வாய் சொல்லிவிட்டது. ராவியா அக்கா சைகையின் மீதியாக, வேண்டாம் என்று விரலை ஆட்டினாள், இரண்டு கைகளையும் ஜன்னலுக்கு வெளியே நீட்டி ஆட்டினாள். நான் கீழே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஸுஹைர் தட்டைத் தேடும் சத்தம் கேட்டது.

"மூடாத! உன் வீடு இடிஞ்சு போக, மூடாத!"

துருப்பிடித்த கதவைக் காலால் உதைத்துத் திறந்தது போன்ற சத்தம். கிணற்றில் மேலும் கீழும் மோதியது. கையில் தட்டோடு ஸுஹைர் ஜன்னலுக்கு வந்து மேலே பார்த்தாள்.

"யாருடி அது?"

"கன்னி மரியே," என்றாள் தெரேஸ்.

ராவியா அக்கா தன் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள், பறந்துவிடும் என்பது போல. என்னைப் பார்த்தாள். மெல்ல, சோதித்துப் பார்ப்பவள் போல, "நஜ்லா" என்றாள். வந்தது. கரகரவென்று, பாதி காற்று பாதி குரலாக, ஆனால் வந்தது. "நஜ்லா, கழுதை. முலூக்கியாவ யாராவது மூடுவாங்களா?"

"மூடமாட்டாங்கக்கா," என்றேன். எனக்குக் கண்ணில் நீர் கொட்டியது.

ஸுஹைர் தட்டைக் கீழே போட்டுவிட்டுக் குலவை போட்டாள். தெரேஸும் போட்டாள். தன்தாவிலிருந்து வந்த அண்ணி எதற்கென்றே தெரியாமல் அவர்களைவிட நீளமாகப் போட்டாள். அடுப்பை யாரும் பார்க்கவில்லை. முலூக்கியா கொதித்துக் கீரை முழுதும் அடியில் இறங்கிவிட்டது. அண்ணி அதைக் கலக்கி ஊற்றி, மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டாளாம்.

பிறகு அந்தக் குரல் இரண்டு வாரம் வந்தும் போயும் இருந்தது. நரம்பு விழித்துக்கொண்டது, இனிப் பயமில்லை என்று வியாழக்கிழமை டாக்டர் சொன்னார். மேலாளர் இடத்தை இன்னும் கொஞ்ச நாள் வைத்திருந்தார், ஆகஸ்டில் அவள் மறுபடி பெயர் கூப்பிடப் போய்விட்டாள். ஆனால் அன்று மாலை இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. அவள் திட்டியது மட்டும்தான் தெரியும்.

குலவைச் சத்தம் கேட்டு நான் கதவைத் திறந்தேன். ஸாபிர் மாமா ரொட்டிகளைக் கைமேல் அடுக்கிக்கொண்டு மூச்சிரைக்கப் படியேறி வந்துகொண்டிருந்தார்.

"என்னம்மா கலாட்டா? யாருக்குக் கல்யாணம்?"

"அக்கா திட்டினாங்க மாமா."

அவர் படியிலேயே நின்றுவிட்டார். "யாரை?"

"என்னைத்தான்."

"கையாலயா?"

"வாயால. கட்டடமே கேட்டுச்சு."

அவர் ரொட்டியை அப்படியே படியில் வைத்தார். பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்னன்னு திட்டினா?"

"வீடு இடிஞ்சு போகன்னு."

"அப்ப அவதான்," என்றார். கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "அல்ஹம்துலில்லாஹ். அவளேதான்."