கையெழுத்துப் போடாத அம்மா

சிறப்பாசிரியர் வேலை என்றால் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது என்று நம்பித்தான் நானும் சேர்ந்தேன். பாதி நாள் பெரியவர்களிடம் கையெழுத்து வாங்குவதிலேயே போய்விடுகிறது. படிவங்களை ஸ்கூட்டர் பெட்டியில் திணித்துக்கொண்டு பள்ளி பள்ளியாக அலைகிற சக ஜீவன்களே, உங்களுக்கு இது புரியும்.

ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் கயல்விழி என்று ஒரு பெண். பிறந்ததிலிருந்தே நடக்க முடியாது, பேச்சு கொஞ்சம் குழறும். படிப்பில் கெட்டி. ஐந்தாம் வகுப்பு வரை கீழ்த்தளம், சிக்கல் இல்லை. ஆறாம் வகுப்பு மாடியில்.

வெற்றுத் தாள்

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு வருட ஆரம்பத்தில் தனிக் கல்வித் திட்டம் எழுதவேண்டும். பெற்றோரோடு உட்கார்ந்து பேசி எழுதிவிட்டு, கடைசியில் கையெழுத்து. அந்த வாரம் எனக்குப் பதினான்கு பள்ளிகள். அதனால் உங்களில் பலரும் செய்வதைத்தான் செய்தேன். கையெழுத்தை முதலில் வாங்கிக்கொண்டு, திட்டத்தை அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று தாளை நீட்டினேன்.

கயல்விழியின் அம்மா அமுதா நடவு முடித்து, காலில் சேறு காயாமல் வந்திருந்தார். தாளைத் திருப்பிப் பார்த்தார். இரண்டு பக்கமும் காலி. "இப்படி ஒரு வெத்துத் தாள்ல கைநாட்டு வச்சுத்தான் எங்க மாமனாரு ரெண்டு மா நிலத்தை விட்டாரு" என்றார். அது வேறு, இது வேறு என்றார் தலைமையாசிரியர். அமுதா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நீங்க எழுதுங்க டீச்சர், நான் இருக்கேன். இன்னிக்கு நடவு முடிஞ்சிருச்சு."

நாற்காலியில் அப்பா

அப்பா குமாருக்குச் சிங்கப்பூரில் கட்டட வேலை. அவரையும் கேட்டுத்தான் எழுதவேண்டும் என்று அமுதா சொல்லிவிட்டதால் வீடியோவில் கூப்பிட்டோம். தலைமையாசிரியர் விதிமுறையில் கறாரானவர். கூட்டத்துக்கு வந்தவர்கள் உட்கார்ந்திருக்கும் புகைப்படம் வேண்டும் என்றார். போனை ஒரு நாற்காலியில் நிமிர்த்தி வைத்தோம். சரியாமலிருக்க முதுகுக்கு வருகைப் பதிவேடு. சத்துணவு அமைப்பாளர் எல்லோருக்கும் டீ வைத்தபோது போனுக்கு முன்னாலும் ஒன்று வைத்தார்.

படம் எடுக்கும்போது தலைமையாசிரியர் போனைப் பார்த்து, "கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்க" என்றார். குமார் நிதானமாகச் சொன்னார்: "சார், நான் பன்னெண்டாவது மாடியில நிக்கிறேன், இங்க லிஃப்ட் இருக்கு. எம்பொண்ணு ஒரு மாடி ஏற என்ன வழி, அதைச் சொல்லுங்க."

நவம்பர் இலக்கு

வழியைத் திட்டத்திலேயே எழுதிவிடலாம் என்று தலைமையாசிரியர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். 'மாணவி நவம்பர் இறுதிக்குள் பதினெட்டுப் படிகளையும் தானே ஏறுவாள்.' எழுதிய கை என்னுடையதுதான், மறைக்கவில்லை. ஏறாவிட்டால்? வீட்டுவழிக் கல்வி. அதாவது கயல்விழி வீட்டிலேயே இருப்பாள், நான் வாரம் ஒருமுறை போய் எட்டிப் பார்ப்பேன்.

அமுதாவின் முகம் மாறிவிட்டது. நவம்பர் என்று யார் முடிவு செய்தது என்று கேட்டார். இலக்கு என்றால் தேதி போட்டாக வேண்டும் என்றார் தலைமையாசிரியர். அமுதா பேனாவை மூடி மேசையில் வைத்தார். "பதினோரு வருஷமா நடக்காத காலு சார். உங்க படிவத்தைப் பார்த்துப் பயந்து நவம்பர்ல ஏறிடுமா?"

உடன் வந்தவர்

அன்று சைக்கிள் நிறுத்துமிடத்தில் வைத்து அமுதாவிடம் மெதுவாகச் சொன்னேன்: பிடிக்காத திட்டத்தில் கையெழுத்துப் போடவேண்டியதில்லை, அடுத்த கூட்டத்துக்குத் துணைக்கு ஆள் கூட்டி வரலாம். அந்த வருடம் நான் உருப்படியாகச் செய்தது அதுதான். ஒருவரைக் கூட்டி வருவார் என்று நினைத்தேன். நடவுக் கூட்டத்துப் பெண்கள் பதினோரு பேர் வந்தார்கள். படிவத்தில் 'உடன் வந்தவர்' என்று ஒரு வரிதான் உண்டு. ஒருவர் மட்டும் உள்ளே வரலாம் என்றார் தலைமையாசிரியர். மற்ற பத்துப் பேரும் பள்ளிக்கூடத்தைச் சுற்றிப் பார்க்கப் போனார்கள். கீழ்த்தளத்தில் பூட்டிக் கிடந்த அறையை ஜன்னல் வழியாகக் கண்டுபிடித்து எங்களையும் கூப்பிட்டார்கள்.

உள்ளே உடைந்த நாற்காலிகள், கதவில்லாத பீரோ. மேலிட உத்தரவு வராமல் கணக்கிலிருந்து கழிக்க முடியாது, பத்திரமாக வைத்திருக்கிறேன் என்றார் தலைமையாசிரியர். "ஒடைஞ்ச நாற்காலிக்குக் கீழ்த்தளம், நடக்க முடியாத புள்ளைக்கு மாடியா?" என்றார் ஒரு பெண். சரி, இதையெல்லாம் மாடிக்கு ஏற்ற உத்தரவு வேண்டுமா என்று அமுதா கேட்டார். அதற்கு விதி எதுவும் தலைமையாசிரியருக்கு நினைவு வரவில்லை. சாவி வந்தது. படி நெடுக வரிசையாக நின்று, நாற்று முடியைக் கைமாற்றுவதுபோல நாற்காலிகளை மேலே ஏற்றினார்கள். பீரோவைக் கடைசியில் தலைமையாசிரியரும் ஒரு கை பிடித்தார். ஆறாம் வகுப்பு கீழே இறங்கியது. நவம்பரை அடித்துவிட்டுப் புதிதாக எழுதி, அமுதாவிடம் முழுதும் படித்துக் காட்டினேன். கையெழுத்துப் போட்டார். சட்டையில் ஒட்டடையோடு நின்ற தலைமையாசிரியர் என்னிடம் சொன்னார்: "கூட வந்த பதினோரு பேரு பேரையும் எழுதிடுங்க டீச்சர். பின்பக்கம் காலியாத்தானே இருக்கு."

கேட்காமல் விட்ட ஆள்

இத்தனை கூட்டத்திலும் கயல்விழியை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அரையாண்டுத் தேர்வு முடிந்து நான் பள்ளிக்குப் போனபோது, அவளிடம் புது வகுப்பில் ஏதாவது குறை உண்டா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, குழறினாலும் தெளிவாகவே சொன்னாள். "மாடின்னா கணக்கு சார் மூட்டு வலின்னு பாதி நாள் ஏற மாட்டாராம், அக்காங்க சொன்னாங்க. இப்ப தினமும் வந்துடுறாரு டீச்சர்."

பெற்றோரைக் கேட்டுத் திட்டம் எழுதினால் நேரம் அதிகம் பிடிக்கிறது என்பது உண்மைதான். கேட்காமல் எழுதினால் சீக்கிரம் முடிந்துவிடும், என்ன, அது வேறு யார் பிள்ளைக்கோ எழுதியதாக இருக்கும்.