என்ன முடி இது?

நல்ல பிரஷ் வாங்கிவிட்டேன் என்று நான் பீற்றிக்கொண்ட நாளைப் பற்றிச் சொல்கிறேன். வேலை முடிந்ததும் கெலுகோரில் சுவரேறப் பழகும் கூடத்துக்குப் போவேன். கையில் பூசும் வெள்ளைத்தூள் சுவரிலுள்ள பிடிகளில் அப்பிக்கொள்ளும், தேய்க்காவிட்டால் வழுக்கும். கம்பி பிரஷ் பிடியைக் கீறிவிடும். பல் துலக்கும் பிரஷ் ஒரே வாரத்தில் படுத்துவிடும். கடைசியில் பன்றிமுடி பிரஷ் வாங்கினேன். கடையில்கூட அதைத் தனியாகத்தான் வைத்திருந்தார்கள். ஒரே தேய்ப்பில் பிடி பளிச்சென்று ஆனது.

என்னோடு ஏறும் பாத்திமா அக்கா அதைக் கேட்டார். பெருமையோடு கொடுத்தேன். வியர்த்த கையோடு அவர் நாலு பிடி தேய்த்த பிறகுதான் உறைத்தது. அவர் முஸ்லிம், பன்றிமுடி அவருக்கு ஆகாது. வாயைத் திறக்கத் தைரியம் வரவில்லை.

"நல்லாருக்குலா தம்பி! என்ன முடி இது?"

'ஆட்டுமுடி' என்ற பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவர் சிரித்த முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பன்றிமுடிக்கா. மன்னிச்சிருங்க. நான் யோசிக்கவே இல்ல."

பிரஷை மெதுவாகக் கீழே வைத்தார். "பரவால்லப்பா. கைய மண்ணு கலந்த தண்ணியில ஒரு தடவ, நல்ல தண்ணியில ஆறு தடவ கழுவுனா சரியாயிரும்" என்றார். வாசல் பூந்தொட்டியிலிருந்து நான் மண் எடுத்து வந்தேன்.

மறுவாரம் அவரே நைலான் பிரஷ் ஒன்று வாங்கி வந்தார். "இது ரெண்டு பேருக்கும் ஆகும்லா."

அந்தக் கேள்வியைக் கேட்டதற்காக அக்காவுக்கு இன்றும் நன்றியோடிருக்கிறேன். அவர் கேட்டிருக்காவிட்டால், நானாகச் சொல்லியிருக்க மாட்டேன்.