கேஜில் பின்னால் நின்றவர்

முதல் நாள் ராஜன் சார் எங்களை ஆட விடவே இல்லை. தங்கச் சுரங்க ஊரான ராபர்ட்சன்பேட்டையில் ஒரு பழைய கிளப் ஹால், சிமெண்ட் தரை. "எல்லாரும் படுங்க" என்றார். படுத்தோம். மூச்சு விடுவதைத் தவிர வேறு வேலை கிடையாது. பக்கத்தில் படுத்திருந்த முருகேஷ் தூங்கியே போய்விட்டான். நான் சர்ச் விழாவில் சினிமாப் பாட்டுக்கு ஆடி பிரைஸ் வாங்கினவள். இதற்கா வீட்டில் சண்டை போட்டு வந்தோம் என்று எரிச்சலாக இருந்தது.

"டான்ஸ் எப்ப சார்?" என்று கேட்டேன்.

"இவ்ளோ நேரம் மூச்சு விட்டியே, அதான்மா டான்ஸ். மிச்சம்லாம் அதுக்கு மேல வர்றது."

இப்போது நான் பள்ளிக்கூட ஆண்டு விழாக்களுக்கு டான்ஸ் சொல்லிக் கொடுக்கிறேன். மாடர்ன் டான்ஸ் என்றால் என்ன மிஸ் என்று பிள்ளைகள் கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வராது. அதனால் நடந்ததைச் சொல்கிறேன்.

கம்பெனி

சார் மாரிகுப்பத்துக்காரர். அவர் அப்பா சுரங்கத்தில் பாறை சரியாமல் மரம் முட்டுக் கொடுக்கும் டிம்பர் வேலை பார்த்தவர். சார் பெங்களூருக்குப் போய் வெளிநாட்டு வாத்தியார்களிடம் டான்ஸ் கற்று, அங்கேயே பேர் வாங்கியிருக்கலாம். திரும்பி வந்து எங்களை வைத்து ஒரு கம்பெனி நடத்தினார். எல்லோரும் எங்காவது வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள். கலைவாணி தையல் யூனிட்டில் இருந்தாள். முருகேஷ் பெங்களூர் ரயிலில் போய் வருகிறவன், சாயங்காலம் இறங்கி நேராக ஹாலுக்கு வருவான்.

ஹாலில் கண்ணாடி கிடையாது. வீடியோ எடுக்கவே கூடாது, ஷோவிலும்தான். "வீடியோவ பாத்து கத்துக்கினா ஒடம்பு சோம்பேறி ஆயிடும். ஒடம்புல இருந்து ஒடம்புக்குதான் போவணும்" என்பார். கேட்கும்போது பெரிய தத்துவமாகத்தான் இருந்தது.

கேஜ்

எங்கள் கம்பெனிக்குப் பேர் வாங்கிக் கொடுத்த ஐட்டம் "கேஜ்". சுரங்க ஷாஃப்டில் ஆட்களை இறக்குவார்களே, அந்த இரும்புக் கூண்டு. பாட்டு இல்லை, மேளம் இல்லை. நாங்கள் ஆறு பேர் மேடையின் முன்பக்கம் தோளோடு தோள் நெருக்கி நிற்போம். கூண்டு இறங்குவதை முழங்காலிலும் மூச்சிலும் காட்ட வேண்டும். எங்கள் முதுகுக்குப் பின்னால் சார் தனியாக ஆடுவார்.

திரும்பிப் பார்க்கக் கூடாது. அதுதான் ரூல். தன் பகுதியை அவர் யாரும் இல்லாத நேரத்தில்தான் பழகுவார். ரிகர்சலில் ஒருமுறை கலைவாணி லேசாகத் தலையைத் திருப்பிவிட்டாள். சார் அங்கேயே நிறுத்திவிட்டார்.

"கேஜுல போறவன் திரும்ப மாட்டான்மா. திரும்பறதுக்கு எடம் ஏது? எங்கப்பாரு கடசி நாளு பின்னாடி நின்னுனு போனாரு. முன்னாடி நின்னவங்க ஒருத்தரும் அவரு மூஞ்ச பாக்கல."

அதற்குப் பிறகு யாரும் திரும்பவில்லை. அவர் ஆட்டத்தை நாங்கள் காதால்தான் வாங்கிக்கொண்டோம். முதலில் ஒரு குதிகால் சத்தம். பிறகு தரையில் பாதம் நெடுக இழுபடும். பிறகு ஒன்றும் இல்லாமல் ஒரு நீண்ட அமைதி, அதில் அவர் மூச்சு மட்டும் கேட்கும். கடைசியில் உள்ளங்கை தரையில் அடிக்கும். அந்த அடிதான் எங்களுக்கு க்யூ, ஆறு பேரும் ஒன்றாக விழுவோம். ஊர் ஊராகப் போனோம். ஆடி முடித்தால் சனங்கள் எழுந்து நின்றுவிடுவார்கள். எதைப் பார்த்து நிற்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியாது.

இந்த வருஷம்

கம்பெனி கலைந்து வெகுகாலம் ஆகிறது. சாருக்குப் பக்கவாதம் வந்து, பேச்சும் நின்று, கடைசியில் போய்ச் சேர்ந்தார். அடக்கம் முடிந்த சில வாரத்தில் பெங்களூரில் ஒரு டான்ஸ் விழா நடத்தும் பெண் போன் செய்தாள்.

"மேடம், சார் ஞாபகமா கேஜ் மட்டும் ரீஸ்டேஜ் பண்ணலாமா? யங் டான்சர்ஸ் கத்துக்குவாங்க. அப்புறம் அது போகாது, மேடம்."

அப்புறம் அது போகாது. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் சரி என்றேன்.

அதே ஹாலில் கூடினோம். வர முடிந்தவர்கள் மூன்று பேர்: நான், முருகேஷ், கலைவாணி. தோளோடு தோள் நின்றதும் முழங்கால் தானாக இறங்கிற்று. வலித்தது, ஆனால் ஒன்றும் மறக்கவில்லை. பின்னால் குதிகால் சத்தம் வர வேண்டிய இடம் வந்தது. வரவில்லை. மூன்று பேரும் அப்படியே நின்றோம்.

கலைவாணிதான் வாயைத் திறந்தாள். "அங்க அவரு இன்னா பண்ணுவாரு?"

மூன்று பேருக்கும் தெரியவில்லை.

லைட் போட்டவரைத் தேடிப் பிடித்துக் கேட்டோம். "அவரு மேல லைட்டே கம்மிமா. நெழலுதான் தெரியும். என் கண்ணு உங்க மேலதான் இருக்கும், வுழும்போது கட் பண்ணணும்ல" என்றார். முருகேஷ் விடவில்லை. சத்தங்களை வைத்து அவனாகவே ஒன்று கட்டி ஆடிக் காட்டினான். குதிகால், இழுப்பு, அமைதி, உள்ளங்கை எல்லாம் இருந்தன. நானும் கலைவாணியும் முதல்முறையாக எதிரில் உட்கார்ந்து பார்த்தோம். நன்றாகத்தான் ஆடினான். ஆனால் அது முருகேஷ். முடித்துவிட்டு அவனே தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான்.

அப்போதுதான் எனக்கு அம்மா ஞாபகம் வந்தது. டான்ஸே கூடாது என்று சண்டை போட்டவள், பிறகு இந்தப் பக்கத்து ஷோ ஒன்றையும் விட்டதில்லை. எப்போதும் முன்வரிசை. சாம்பியன் ரீப்ஸ் சுரங்க லைனில் இருக்கும் அவள் வீட்டுக்கு ஓடினேன். கட்டிலில் படுத்திருந்தவள் கேஜ் என்றதும் எழுந்து உட்கார்ந்தாள்.

"ஏன் ஞாபகம் இல்லாம? காக்கி சட்ட போட்டுனு இருப்ப. வலது கால்தான் மொதல்ல மடியும். ஒருவாட்டி கொண்டை அவுந்து மூஞ்சி மேல வுழுந்துச்சி, நீ கைய எடுக்கவே இல்ல. வுழும்போது ஒனக்கு எப்பவும் இடது தோள்தான் அடிபடும்." அப்படியே வரிசையாகச் சொன்னாள். நானே மறந்துபோனதைக்கூடச் சொன்னாள்.

"அம்மா, சாரு? பின்னாடி சாரு இன்னா பண்ணாரு?"

அம்மா யோசித்தாள்.

"இன்னாமோ ஆடினு இருந்தாரு. நான் ஒன்னத்தானே பாத்துனு இருந்தேன்."

விழாக்காரப் பெண்ணுக்குப் போன் செய்து வரவில்லை என்று சொல்லிவிட்டேன். நடுவில் நீங்களே ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள், யாருக்கும் தெரியாது என்றாள். எங்கள் மூன்று பேருக்குத் தெரியுமே.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். மாஸ்டர் சொன்னால் கேளுங்கள். ஒரே ஒரு நாள் மட்டும் கேட்காதீர்கள், திரும்பிப் பார்த்துவிடுங்கள். திட்டுவார், ரிகர்சலை நிறுத்தி வீட்டுக்கு அனுப்புவார். போனால் போகட்டும், மறுநாள் வந்து நில்லுங்கள். நாங்கள் ஆறு பேரும் அவர் சொன்னபடியே கடைசிவரை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றோம்.