கிரிஸ்டலின் மேல் ஒரு விரல்

பேய் என்றால் ராத்திரி வரும், நாய் ஊளையிடும் என்பார்கள். என்னிடம் வந்தது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வெயில் ஜன்னல் வழியாகப் பெஞ்சு வரைக்கும் அடித்துக்கொண்டிருந்தது. நான் கதை கட்டுகிற ஆள் இல்லை, சர்க்யூட் போர்டு பழுது பார்க்கிறவன். கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

என் அக்காவுக்கு ஏழாம் மாதத்திலேயே பெண் பிறந்துவிட்டாள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துச் சூடு கொடுத்தால்தான் பிழைப்பாள். ஆஸ்பத்திரியில் ஓடிக்கொண்டிருந்த ஒரே பெட்டியில் வேறு குழந்தை. இன்னொரு பெட்டி ஸ்டோர் ரூமில் தூசி படிந்து கிடந்தது. குழந்தையை வெளியூருக்குக் கொண்டுபோனால் வழியிலேயே தாங்காது என்றார் டாக்டர். அப்போதைக்கு ஒரு விளக்குக்குக் கீழே துணியில் சுற்றி வைத்திருந்தார்கள். சாயங்காலத்துக்குள் பெட்டி ஓடியாக வேண்டும். அதன் போர்டைக் கழற்றிக்கொண்டு என் ஒர்க்‌ஷாப்புக்கு ஓடி வந்தேன். எத்தனை வருஷ சர்வீஸ் இருந்தால் என்ன, அக்கா குழந்தை என்றதும் பதறிவிட்டேன்.

கோளாறு சீக்கிரமே பிடிபட்டது. போர்டில் சிப் இருக்கிறது, அதுதான் மூளை. அதன் பக்கத்தில் மாத்திரை அளவில் ஒரு வெள்ளி டப்பி, கிரிஸ்டல். அது துடித்தால்தான் சிப் வேலை செய்யும். துடிக்காவிட்டால் சூடும் கிடையாது, அலாரமும் கிடையாது. துடிப்பை அலையாகக் காட்டுகிற ஸ்கோப்பை மாட்டிப் பார்த்தேன். திரையில் கோடு தட்டையாகக் கிடந்தது.

கிரிஸ்டலின் காலில் விரலை வைத்தேன். எங்கள் தொழிலில் எல்லோரும் செய்து பார்ப்பதுதான். ஐந்து வோல்ட், ஷாக் அடிக்காது. உடனே திரையில் அலை எழுந்தது. போர்டில் பச்சை விளக்கு எரிந்தது. விரலை எடுத்தேன், அணைந்தது. வைத்தேன், எரிந்தது. அப்படியென்றால் பக்கத்திலிருக்கிற குட்டிக் கெப்பாசிட்டர் போய்விட்டது, அதன் வேலையை என் விரல் பார்க்கிறது என்று அர்த்தம்.

ஒரு விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். விரல் பட்டிருக்கும்போது அலை சுத்தமாக இருக்காது. லேசாக நடுங்கும். மனுஷ உடம்பு தொட்டால் அப்படித்தான்.

பழைய கெப்பாசிட்டரை எடுத்துவிட்டுப் புதியதைச் செருகினேன். ஒரு காலுக்கு ஈயம் உருக்கி வைத்தேன். ஈயக் கம்பி தீர்ந்துவிட்டது. புது ரோல் எடுக்க அலமாரிப் பக்கம் போனேன்.

பீப்...

திரும்பிப் பார்த்தேன். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ‘இரண்டு காலுக்கும் வைத்துவிட்டேன் போலிருக்கிறது, பதற்றத்தில் எனக்குத்தான் குழப்பம்’ என்று நினைத்துக்கொண்டேன். ஓடுகிற போர்டை நோண்டினால் காரியம் கெட்டுவிடும் என்று எங்களுக்கெல்லாம் ஒரு பயம் உண்டு. ரோலைக் கீழே வைத்துவிட்டேன்.

அப்புறம்தான் திரையைக் கவனித்தேன்.

அலை நடுங்கிக்கொண்டிருந்தது.

என் இரண்டு கையும் என்னிடம்தான் இருந்தன.

குனிந்தேன். கிரிஸ்டலின் மேல் ஈரம்... விரல் நுனி அளவுக்கு. துணியால் துடைத்தேன்.

மறுபடியும் வந்தது.

“யாரு?”

ஃபேன் சத்தம் மட்டும்தான்.

போன் அடித்தது. எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. அக்கா வீட்டுக்காரர்.

“டேய், ஆச்சா இல்லையா? உங்க அக்கா அழுதுட்டே இருக்கா.”

“ஆச்சு மாமா. கிளம்பிட்டேன்.”

பயப்படக்கூட நேரமில்லை. போர்டைக் கொண்டுபோய்ப் பெட்டியின் முதுகில் மாட்டினேன். சுவிட்சைப் போட்டதும் ஓடியது. குழந்தையை உள்ளே வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் உடம்பு நிறம் மாறியது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

பெரிய நர்ஸம்மா மட்டும் அந்தப் பெட்டியைப் பார்த்ததும் முகம் வெளுத்துப்போனார். ஒரு மெத்தை வைத்த நாற்காலியை இழுத்து வந்து பெட்டிக்குப் பின்னால் போட்டார்.

“யாருக்கு சிஸ்டர் இது?” என்றாள் அக்கா.

“இருக்கட்டும்மா. யாரும் உக்காராதீங்க.”

பெட்டி ஒரு நொடிகூட நிற்கவில்லை. குழந்தை தேறினாள். டாக்டர் வீட்டுக்கு அனுப்பினார். அன்றைக்கு எல்லோரும் கிளம்பிய பிறகு, போர்டை ஒரு தடவை சரி பார்த்துவிடலாம் என்று பெட்டியின் பின்மூடியைத் திறந்தேன். பெட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

கெப்பாசிட்டரின் இரண்டாவது காலில்... ஈயமே இல்லை.

இடுக்கியால் தொட்டேன். ஓட்டைக்குள் லொடலொடவென்று ஆடியது. எங்கேயும் படவில்லை. அந்த நிலையில் போர்டு ஓட வழியே இல்லை. யாராவது விரல் வைத்திருந்தால் ஒழிய.

கிரிஸ்டலின் மேல் அதே ஈரம்.

“பாத்துட்டியா தம்பி?”

நர்ஸம்மா. எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை.

“முன்னாடி ஒரு தடவை இந்தப் பெட்டி ராத்திரியில நின்னுடுச்சு. போன் போட்டோம். மெக்கானிக் காலையிலதான் வர முடியும்னான். ‘அந்த வெள்ளி டப்பி கால்ல விரல வைங்க, ஓடும்’னு சொன்னான். வச்சோம், ஓடுச்சு. நான் வார்டு முழுக்கப் பாக்கணும். குழந்தையோட அம்மா, ‘நான் வச்சுக்கறேன் சிஸ்டர், நீங்க போங்க’ன்னா. பெத்து ரெண்டு நாள்கூட ஆகல. நின்னுட்டே வச்சிருந்தா. விடியுறப்போ... கண்ணு அசந்துட்டா.”

இடுக்கியைக் கீழே வைத்தேன்.

“குழந்தை போச்சு. அந்த மாசமே அவளும் போயிட்டா. அன்னைக்கு ஒரு நாற்காலி போடணும்னு எனக்குத் தோணல தம்பி.”

அந்த மெக்கானிக் சொன்னதைத்தான் அந்த இடத்தில் நானும் சொல்லியிருப்பேன். பையிலிருந்து சால்டரிங் அயர்னை எடுத்துச் சூடாக்கி, இரண்டாவது காலுக்கு ஈயம் வைத்தேன். கை ஆடாமல், நன்றாக வைத்தேன்.

“விட்டுடுங்கம்மா,” என்றேன், கிரிஸ்டலைப் பார்த்து. “குழந்தை வீட்டுக்குப் போயிட்டா. இனி அதுவே ஓடும். நீங்க தூங்குங்க.”

பச்சை விளக்கு அணையவில்லை.

கிரிஸ்டலின் மேல் இருந்த ஈரம் மெல்லக் காய்ந்தது.

பின்னால் ‘கிறீச்’ என்று சத்தம். இரண்டு பேரும் திரும்பினோம்.

அத்தனை நாளும் யாரும் உட்காராத நாற்காலி. அதன் மெத்தை நடுவில் ஆழமாக அமுங்கியிருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெதுவாக... மெதுவாக... மேலே எழும்பியது.